கண் கட்டிக்குச் சூடா, குளிர்ச்சியா?

மருந்துக்கடைக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், "இமை வீங்கினால் நாமக்கட்டியை இழைத்துப் போடுங்கள், வெந்நீர் ஒத்தடம் பக்கமே போகாதீர்கள்" என்று. படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இமை ஓரத்தில் எண்ணெய் சுரக்கும் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. அதன் வாய் அடைபட்டுக் கிருமி சேர்ந்தால் கண் கட்டி. மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி உள்ளே உறைந்து கிடப்பதை இளக்கச் சூடுதான் வேண்டும். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, புறங்கையில் சூடு பார்த்து, மூடிய கண்மேல் 10 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை.

காரைக்குடிப் பெண்:
எழுதியது நான்தான். "ஒருவர்" என்று ஏன் ஜாடையாகப் பேசுகிறீர்கள்? கண் கட்டி வருவதே உடம்புச் சூட்டினால். சூட்டுக்கு மேல் சூடா? எங்கள் அப்பத்தா சந்தனக்கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு நாமக்கட்டியை இழைத்து, மோதிர விரலால் இமைமேல் தடவுவார். அது காய்ந்து தோலை இழுக்கும்போதே வலி குறைந்துவிடும்.

மருந்துக்கடைக்காரன்:
காய்ந்த தூள் உதிர்ந்து கண்ணில் விழுந்தால் உறுத்தாதா? கட்டி பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். பெயர் மட்டும் நாமக்கட்டிக்கு.

சோழன்:
தானே அடங்குமென்றால் உங்கள் ஒத்தடத்துக்கு மட்டும் எதற்குப் பெயர்?

மலைக்கோட்டை:
எனக்குக் காலையில் இரண்டு கண்ணும் வீங்கி அரிக்கும், வலி கிடையாது. ஈரத்துணி வைத்தால் அடங்கும். குளிர்ச்சிதான் சரி.

மருந்துக்கடைக்காரன்:
அது அலர்ஜி. நான் சொல்வது கட்டி.

காரைக்குடிப் பெண்:
பார்த்தீர்களா, அவருக்கும் குளிர்ச்சிதான் கேட்டிருக்கிறது. சூட்டுக்கு மேல் சூடா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

சோழன்:
அதை விடுங்கள். சென்னையில் தேங்காய் எண்ணெய் எங்கே சார் உறைகிறது?

மருந்துக்கடைக்காரன்:
24 டிகிரிக்குக் கீழே போனால் எங்கேயும் உறையும். மார்கழி விடியலில் எழுந்து பார்த்தால்தானே தெரியும்! ஆவி பிடிப்பது பற்றிய பேச்சிலும் இதே மாதிரிதான் குறுக்கே வந்தீர்கள், நான் மறக்கவில்லை. எல்லோருக்கும் சொல்கிறேன்: கட்டியைப் பிதுக்காதீர்கள், கண்ணில் தாய்ப்பால் விடாதீர்கள். காய்ச்சல் வந்தாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

காரைக்குடிப் பெண்:
தாய்ப்பாலைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்? அப்பத்தாவைக் குறை சொல்ல ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

சோழன்:
டாக்டரிடம் போகச் சொல்கிற கடைக்காரரை இப்போதுதான் பார்க்கிறேன். சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து கொடுத்ததே இல்லையோ?

மருந்துக்கடைக்காரன்:
ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடர்ந்து விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும். என் கடையில் சீட்டில்லாமல் கொடுப்பதில்லை.

மலைக்கோட்டை:
எங்கள் தெருக் கடையில் கேட்டதுமே எடுத்துக் கொடுத்தார்களே?

மருந்துக்கடைக்காரன்:
அதை அந்தக் கடைக்காரரிடம் கேளுங்கள். என்னிடம் ஏன் கேட்கிறீர்கள்?