துளைபடாத் தொலைவு: போர்க்கப்பல் கவசம் பற்றிய ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். கடற்போர் ஆட்ட விதிகளைத் தமிழில் எழுதும்போது ‘இம்யூனிட்டி சோன்’ (எதிரியின் குண்டைப் போர்க்கப்பலின் கவசம் தாங்கும் தொலைவுப் பட்டை) என்பதை எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: ‘எதிர்ப்பு மண்டலம்’, ‘பாதுகாப்பு வலயம்’, ‘காப்பு வீச்சு’. இம்மூன்றில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மாற்றாக ‘துளைபடாத் தொலைவு’ என்பதை முன்வைக்கிறேன். சொல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன் பொருளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஏனெனில் பரிந்துரைகளுக்கிடையே உள்ள வேறுபாடு சொற்சுவையால் வந்ததன்று, பொருளை அவரவர் எப்படிப் புரிந்துகொண்டோம் என்பதால் வந்தது.

அருகிலிருந்து சுடப்படும் கனரகப் பீரங்கிக் குண்டு ஏறக்குறையக் கிடைமட்டமாகவும் மிகுந்த வேகத்தோடும் வந்து கப்பலின் பக்கக் கவசத்தில் மோதுகிறது. தொலைவு கூடும்போது காற்றுத் தடையால் அதன் வேகம் குறைகிறது. ஆகவே ஒரு குறிப்பிட்ட தொலைவைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கக் கவசத்தை அந்தக் குண்டு துளைப்பதில்லை. ஆனால் தொலைவு கூடுவதன் மற்றொரு விளைவும் உண்டு. குண்டு மேன்மேலும் செங்குத்தாக விழத் தொடங்குவதால், அருகிலிருந்து சுடும்போது கப்பலின் தளத்தை மூடும் தளக் கவசத்தின் மேல் சறுக்கிக்கொண்டு போயிருக்கக்கூடிய அதே குண்டு, நெடுந்தொலைவிலிருந்து வரும்போது அத்தளத்தைக் குத்திக்கொண்டு உள்ளே இறங்குகிறது. பக்கக் கவசம் தாங்கத் தொடங்கும் தொலைவுக்கும் தளக் கவசம் தாங்காமற்போகும் தொலைவுக்கும் நடுவில் உள்ள பட்டைதான் நாம் பெயர் தேடும் பொருள். வெடிமருந்து அறைகளும் எந்திர அறைகளும் அந்தப் பட்டைக்குள் குண்டுக்கு எட்டாமல் இருக்கும். கப்பலின் பிற பகுதிகளுக்கு அது எந்த உறுதியும் தருவதில்லை.

இந்த விளக்கத்தில் மூன்று செய்திகள் அடங்கியுள்ளன. அது தொலைவு, இடம் அன்று. அது இரு முனைகளாலும் அடைபட்டது. அது கப்பலுக்கு மட்டும் உரிய பண்பும் அன்று. ஒரு குறிப்பிட்ட பீரங்கியையும் ஒரு குறிப்பிட்ட குண்டையும் எதிரே வைத்துத்தான் அதைக் கணக்கிட முடியும். மூன்றாவது செய்தியே விவாதத்தில் அதிகம் நழுவிப்போகிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் நார்த் கரோலினா வகைக் கப்பல்கள் முதலில் 14 அங்குலப் பீரங்கிகளோடு திட்டமிடப்பட்டன; அவற்றின் கவசமும் 14 அங்குலக் குண்டை எதிர்கொள்ளும் அளவிலேயே வகுக்கப்பட்டது. போர்க்கப்பல் பீரங்கிகளை 14 அங்குலத்துக்குள் கட்டுப்படுத்திய 1936ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கையில் இருந்த விலக்கைப் பயன்படுத்திப் பின்னர் அவற்றுக்கு 16 அங்குலப் பீரங்கிகள் பொருத்தப்பட்டபோது, கவசம் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டது. அடுத்து வந்த சவுத் டகோட்டா வகை 1016 கிலோ எடையுள்ள 16 அங்குலக் குண்டைக் கருத்தில்கொண்டு வடிவமைக்கப்பட்டது. அதன்பின் அதே அமெரிக்கக் கடற்படை ஏறத்தாழ 1225 கிலோ எடையுள்ள புதிய குண்டை உருவாக்கியதும், கப்பலில் ஒரு தகடுகூட மாறாமலேயே, அக்குண்டுக்கு எதிரான பட்டை இரு முனைகளிலும் சுருங்கிப்போனது. ஜப்பானின் யமாட்டோ வகையில் 410 மி.மீ. பக்கக் கவசம் 20 பாகை சாய்த்து வைக்கப்பட்டதும், தளக் கவசம் 200 மி.மீ. அளவுக்குத் தடிமனாக்கப்பட்டதும், தன்னுடைய 46 செ.மீ. பீரங்கியையே எதிரியாகக் கற்பனை செய்து சுமார் 20 கி.மீ. முதல் 30 கி.மீ. வரையிலான தொலைவில் தாங்க வேண்டும் என்ற நிபந்தனையால்தான். ‘யமாட்டோவின் துளைபடாத் தொலைவு’ என்று மட்டும் எழுதினால் வாக்கியம் முடிவடைவதில்லை, ‘46 செ.மீ. குண்டுக்கு எதிராக’ என்பதையும் சேர்த்தாக வேண்டும்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘எதிர்ப்பு மண்டலம்’ என்பதைக் கேட்டவுடன் பள்ளியில் உயிரியல் படித்த எவருக்கும் வெள்ளையணுக்கள்தாம் நினைவுக்கு வரும். அந்தத் தொடர் உடலியலில் ஆழமாக வேரூன்றிவிட்டது, அங்கேயே இருக்கட்டும்.

‘பாதுகாப்பு வலயம்’ இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அது இயல்பாக ஒலிக்கிறது. வலயம் என்றதும் வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டக்கூடிய ஒரு கடற்பரப்பு மனத்தில் தோன்றுகிறது. பாதுகாப்பு என்றதும் அதற்குள் நுழைந்த கப்பலுக்கு ஒன்றும் நேராது என்ற எண்ணம் பிறக்கிறது. இரண்டும் பிழை. 1942 நவம்பர் 14, 15 நள்ளிரவில் பசிபிக்கின் குவாடல்கனால் தீவருகே சவுத் டகோட்டா கப்பல் ஜப்பானியக் கப்பல்களிடமிருந்து இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகளை வாங்கியது. கவசக் கூட்டுக்குள் இருந்த முக்கிய அறைகள் பிழைத்தன. ஆனால் மேற்கட்டுமானம் சிதைந்து, ரேடார்களும் வானொலித் தொடர்பும் சூட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் செயலிழந்து, கப்பல் மிதந்துகொண்டே குருடாகிச் சண்டையிலிருந்து விலகியது. ஆட்டத்தில் புதிதாக அமர்பவர் ‘நான் பாதுகாப்பு வலயத்தில்தானே இருக்கிறேன்’ என்று நினைத்துக்கொண்டு ஒரே தொலைவில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். சொல்லே அந்த நினைப்பை ஊட்டக்கூடாது.

‘காப்பு வீச்சு’ என்பதை முன்மொழிந்த நண்பர், ‘பீரங்கியைப் பற்றிய சொல்லில் வீச்சு இருக்க வேண்டாமா, தொலைவு என்பது மிகப் பொதுவான சொல் அல்லவா’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் வீச்சு என்பது பீரங்கிக்கு உரியது. எவ்வளவு தூரம் எறிய முடியும் என்பதைக் குறிப்பது. நம் விதிநூலில் ‘பெரும வீச்சு’ என்ற தொடரை ஏற்கெனவே அந்தப் பொருளில் ஆண்டிருக்கிறோம். இங்கே நாம் சொல்ல வருவது இரு கப்பல்களுக்கு நடுவில் அந்த நொடியில் உள்ள தொலைவு. ‘காப்பு வீச்சு’ என்றால், காப்பதற்காக வீசப்படும் குண்டு என்று பொருள்கொள்பவரும் இருப்பார்.

‘இடைவெளி’ என்ற சொல்லும் எனக்குத் தோன்றியது. இரு எல்லைகளுக்கு நடுவில் உள்ள எண்களின் தொகுப்பைப் பள்ளிக் கணக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால் அது நெருக்கமாகவே இருந்தது. ஆனால் கவசத்தைப் பற்றி எழுதும்போது அந்தச் சொல் வேறு பணிக்குத் தேவைப்படுகிறது. இத்தாலியின் லிட்டோரியோ வகையில் 280 மி.மீ. முதன்மைத் தகட்டுக்கு வெளியே 70 மி.மீ. தகடு ஒன்று தனியாக நின்றது. வரும் குண்டின் முனையைக் காக்கும் உலோக முனைத்தொப்பியை அது உரித்துவிட வேண்டும், தொப்பியிழந்த குண்டின் முனை பின்னாலுள்ள கடினப் பரப்பில் மோதி உடைய வேண்டும் என்பது ஏற்பாடு. அவ்விரு தகடுகளுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான இடைவெளி. ஒரே பத்தியில் அதே சொல்லை இரண்டு பொருளில் ஆள நேர்ந்தால் வாசிப்பவர் தவித்துப்போவார்.

‘துளைபடா’ என்ற எதிர்மறைப் பெயரெச்சம் என்ன நடக்காது என்பதை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. கப்பல் சேதமடையாது என்றோ வெல்லும் என்றோ அது வாக்குக் கொடுப்பதில்லை. ‘படு’ என்னும் துணைவினை செயப்பாட்டுப் பொருளைத் தருவதால், யாரால் துளைபடாது என்ற கேள்வி தானாகவே எழுகிறது. பீரங்கியின் பெயரை எழுதாமல் விட்டால் வாக்கியம் குறைபட்டு நிற்பது வாசகருக்கே தெரிந்துவிடும். இதை நான் ஒரு நன்மையாகக் கருதுகிறேன்.

இரு முனைகளுக்கும் ‘உள் எல்லை’, ‘வெளி எல்லை’ என்று எழுதுவது ஆங்கிலத்தின் நிழல். எதற்கு உள்ளே, எதற்கு வெளியே என்பதும் தெளிவில்லை. நமக்கு அண்மைச் சுட்டும் சேய்மைச் சுட்டும் இலக்கணத்திலேயே இருக்கின்றன. ஆகவே பக்கக் கவசம் தீர்மானிப்பதை அண்மை எல்லை என்றும், தளக் கவசம் தீர்மானிப்பதைச் சேய்மை எல்லை என்றும் சொல்லலாம். எதிரியை நோக்கிக் கப்பலைச் சற்றுத் திருப்பினால் பக்கக் கவசத்தில் குண்டின் படுகோணம் கூடி அண்மை எல்லை இன்னும் அருகே வருகிறது. சேய்மை எல்லையில் பெரிய மாற்றம் இல்லை. படுகோணம் என்பதை இயற்பியல் பாடத்தில் உள்ளபடியே, தகட்டின் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்தால் போதும். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம்.

மெல்லிய கவசமுள்ள கப்பலை மிகக் கனமான பீரங்கியின் முன் நிறுத்தினால் சேய்மை எல்லை அண்மை எல்லையைவிடவும் அருகே வந்துவிடும். பக்கம் தாங்கத் தொடங்குமுன்பே தளம் கைவிட்டுவிடுகிறது. அப்போது அந்தக் கப்பலுக்கு அந்தப் பீரங்கிக்கு எதிராகத் துளைபடாத் தொலைவே இல்லை. 203 மி.மீ. பக்கக் கவசம் கொண்ட ஜப்பானியக் கப்பல் கிரிஷிமா, மேலே சொன்ன அதே இரவில், ஏறத்தாழ 7.7 கி.மீ. தொலைவில் அமெரிக்கக் கப்பல் வாஷிங்டனின் 16 அங்குலப் பீரங்கிகளுக்கு எதிரே அகப்பட்டபோது எல்லைகளைப் பற்றிய பேச்சுக்கே இடமிருக்கவில்லை. ‘துளைபடாத் தொலைவு இல்லை’ என்ற வாக்கியம் தமிழில் இயல்பாக அமைகிறது. ‘பாதுகாப்பு வலயம் எதிர்மறையானது’ என்று எழுதிப் பாருங்கள்.

ஜெர்மனியின் பிஸ்மார்க்குடன் நடந்த சண்டையில் வெடித்து மூழ்கிய பிரிட்டிஷ் கப்பல் ஹூட் பற்றியும் கேள்வி வந்தது. 1941 மே 24 அன்று ஹூட்டில் இருந்த அட்மிரல் ஹாலண்ட் பிஸ்மார்க்கை நோக்கி நேராக விரைந்ததற்கு, மேலிருந்து விழும் குண்டுகளுக்கு மெல்லிய தளத்தைக் காட்டும் தொலைவை விரைவில் கடந்துவிட வேண்டும் என்று அவர் எண்ணியதே காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. நம் சொல்லில் கூறினால், அவர் சேய்மை எல்லையைத் தாண்டி உள்ளே வர விரைந்தார். ஹூட் வெடித்த நேரத்தில் தொலைவு வெகுவாகக் குறைந்திருந்தது. பிஸ்மார்க்கின் பீரங்கி குண்டை அதிவேகமாக எறிவது என்பதால் அத்தொலைவில் குண்டு செங்குத்தாக அன்றிச் சாய்வாகவே வந்திருக்கும். அது எந்த வழியே வெடிமருந்து அறையை அடைந்தது என்பது இன்றும் ஆய்வாளர்கள் வாதிடும் விஷயம். ஆட்ட விதியில் ‘ஹூட் என்றால் தளம் துளைபடும்’ என்று தனி விதி எழுதுவதை நான் எதிர்க்கிறேன். அட்டவணை சொல்வதைச் சொல்லட்டும். 1916ஆம் ஆண்டின் ஜட்லாந்து கடற்போரில் வெடித்த மூன்று பிரிட்டிஷ் பேட்டில்குரூசர்களையும் (வேகத்துக்காகக் கவசம் குறைக்கப்பட்ட பெருங்கப்பல்கள்) இதற்குச் சான்றாக இழுக்க வேண்டாம். அங்கே கார்டைட் வெடிமருந்தைக் கையாண்ட விதமும், பீரங்கிக் கோபுரத்திலிருந்து தீ கீழிறங்கியதும் பெரும் காரணங்கள். தகட்டின் தடிமனை மட்டும் வைத்து அவற்றை விளக்க முடியாது.

எனக்கே உள்ள ஒரு தயக்கத்தையும் பதிவுசெய்கிறேன். தகட்டில் ஓட்டை விழுவது வேறு, குண்டு சிதையாமல் மறுபக்கம் போய் வெடிப்பது வேறு. ‘துளை’ என்ற வினை இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. ‘ஊடுருவாத் தொலைவு’ என்றால் கூர்மை கூடும் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ‘கவசத்தைத் துளைத்தது’ என்று படிக்கும் தமிழ் வாசகர் குண்டு உள்ளே போய்விட்டது என்றே எடுத்துக்கொள்கிறார். ஊடுருவல் என்பதோ நாட்டெல்லையைத் திருட்டுத்தனமாகக் கடப்பதற்குச் செய்தித்தாள்கள் ஒதுக்கிவிட்ட சொல்லாகிவிட்டது. ஆகவே தலைப்புச் சொல்லில் ‘துளைபடா’ இருக்கட்டும். சேத அட்டவணையில் மட்டும் ‘முழுத்துளைப்பு’, ‘அரைத்துளைப்பு’ என்று பிரித்துக்கொள்வோம்.

விதிநூலுக்கான வரைவு வாக்கியம் இது: ‘ஒரு பீரங்கிக்கு எதிராக ஒரு கப்பலின் துளைபடாத் தொலைவு என்பது, அப்பீரங்கியின் குண்டால் கப்பலின் பக்கக் கவசமோ தளக் கவசமோ முழுத்துளைப்புக்கு உள்ளாகாத தொலைவுகளின் பட்டை, அதன் கீழ்முனை அண்மை எல்லை, மேல்முனை சேய்மை எல்லை.’ இதில் ‘பட்டை’ என்பதைத் திருத்த விரும்புவோர் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.

அடுத்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ‘டேஞ்சர் ஸ்பேஸ்’. தொலைவைச் சற்றே தவறாகக் கணித்தாலும் குண்டு கப்பலின் மேல் படுவதற்கு இடம்தரும் நீளம் அது. குண்டு கிடைமட்டத்தோடு செய்யும் விழுகோணம் குறைய அது கூடும். அதற்கும் ‘தொலைவு’ என்றே முடியும் சொல்லை வைத்தால் அட்டவணையில் இரண்டும் குழம்பும் என்பதால், ‘படுநீளம்’ என்பதைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்.