புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை வீட்டுத் தோட்டத்தில் செங்கல் ஓவன்

விறகு ஓவன் கட்ட எந்தக் கல் நல்லது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி உள்பக்கம் முழுக்க, கடும் சூட்டைத் தாங்கும் தீச்செங்கல்தான். வாசல் உயரத்தைக் குவிமாடத்தின் உள் உயரத்தில் சுமார் 63 சதவீதமாக வைத்தார் கொத்தனார் அண்ணன். புகை முன்பக்கமாகச் சீராக வெளியேறுகிறது.

இப்போது ஈரம் உலர்த்தும் கட்டம். கடல் காற்று வேறு, சுவர் லேசில் காயாது. சவுக்குச் சிராய் மட்டும் போட்டுச் சூட்டை மெதுவாக ஏற்றுகிறோம். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி மாடத்தைப் பிளந்துவிடும். நேற்று கை வைத்துப் பார்த்தேன், வெளிப்பூச்சு வெதுவெதுப்பாக, வியர்த்தது போல இருந்தது.

அப்புறம்தான் முழுத் தீ. படிந்த கரி எரிந்து மாடம் வெளுத்தால் சூடு போதும் என்று அர்த்தம். முதலில் பன்தான் போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். பீட்சா அதற்குப் பிறகு.