பழைய வார்கேம்களுக்கு அந்தப் பழைய மெஷினும் வேண்டுமா?

அறுகோணன்:
என் நண்பர் ஒருவர் கேட்டார்: "எமுலேட்டரில் எல்லாம் ஓடும்போது அந்தப் பழைய அட்டாரி கணினியை ஏன் இன்னும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாய்?" எமுலேட்டர் என்றால் பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் இன்றைய மென்பொருள். அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் எழுதுகிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கிறிஸ் கிராஃபோர்ட் எழுதிய ஈஸ்டர்ன் ஃப்ரன்ட் என்ற வார்கேம், அதாவது போர் உத்தி விளையாட்டு, 1981-ல் அட்டாரி 8-பிட் மெஷினுக்கு வந்தது. 1941 ஜூன் 22-ல் ஜெர்மானியப் படை சோவியத் எல்லையைத் தாண்டுவதில் ஆட்டம் தொடங்கும். ஒரு முறை, அதாவது படைகளை நகர்த்தும் ஒரு சுற்று, என்பது ஒரு வாரம். மொத்தம் 41 முறை. படைகளுக்குக் கட்டளை கொடுப்பது ஜாய்ஸ்டிக்கால்தான். வரைபடம் திரையைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு நகரும். காரணம் அன்டிக் என்ற சில்லு. திரையை நகர்த்தும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். புரோகிராம் ஒவ்வொரு புள்ளியையும் அழித்து வரையத் தேவையில்லை.

அக்டோபரில் சேறு வரும், படைகள் ஊர்ந்து போகும். அப்புறம் நிலம் வெளுக்கும், ஆறுகள் உறையும். நிலத்தின் நிறம் ஒரு பதிவேட்டில், அதாவது சில்லுக்குள் உள்ள ஒரு சிறு நினைவிடத்தில், இருக்கும் ஓர் எண்தான். அந்த எண் மாறினால் ரஷ்யா முழுக்கப் பனி. இத்தனை சிறிய நினைவகத்தில் ஒரு குளிர்காலத்தையே அடக்கியிருக்கிறார். மெஷினின் ஒவ்வொரு பலத்தையும் தெரிந்துகொண்டு எழுதிய விளையாட்டு அது. மெஷினை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் பாதி போய்விடுகிறது என்பது என் கட்சி.

நீலத்திரை:
முழுக்க மறுக்கிறேன். நீங்கள் சொன்ன அன்டிக், நிறப் பதிவேடு எல்லாவற்றையும் எமுலேட்டர் அப்படியே நடத்திக் காட்டுகிறது. பனி அங்கேயும் பெய்கிறது. நீங்கள் இழந்ததாகச் சொல்லும் பாதி எது?

நான் கமோடோர் 64 கணினியில் வளர்ந்தவன். பழைய வன்பொருளைப் பற்றிப் பேசினால் அதன் 1541 வட்டு இயக்கியைப் பற்றியும் பேச வேண்டும். அதற்குள் தனியாக ஒரு 6502 செயலியே இருந்தது. அப்படியும் ஒரு நொடிக்கு 300, 400 பைட்டுகள்தான் வந்து சேரும். 64-க்கு முந்தைய விக்-20 கணினியில் இருந்த ஒரு சில்லுக் கோளாறைச் சுற்றிப் போவதற்காகத் தரவை ஒவ்வொரு பிட்டாக மென்பொருள் வழியே அனுப்பினார்கள். பொருந்தி ஓட வேண்டும் என்பதற்காக 64-லும் அதையே தொடர்ந்தார்கள். ஒரு போர்க்களம் ஏறுவதற்குள் இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். அந்த மந்தத்தில் யாருடைய கலையும் இல்லை. அது தவறு, அவ்வளவுதான். 1984-ல் வட்டிலிருந்து வேகமாக ஏற்றித் தரும் எபிக்ஸ் ஃபாஸ்ட்லோட் கார்ட்ரிட்ஜ் வந்தபோது எத்தனை பேர் வாங்கினார்கள்! காத்திருப்பது அவ்வளவு இனிமையாக இருந்திருந்தால் அதை யார் வாங்கியிருப்பார்?

கேசட்காலம்:
இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்பெக்ட்ரம் கணினியில் 48 கே (கிலோபைட்) விளையாட்டு ஒன்று கேசட்டிலிருந்து ஏற ஐந்து நிமிடம் ஆகும். 1985-ல் வந்த ஆர்.டி. ஸ்மித்தின் ஆர்னெம் என்ற வார்கேம் ஏறும் அந்த ஐந்து நிமிடத்தில் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, எந்தப் பாலத்துக்கு எந்தப் படை என்று யோசித்து முடித்திருப்பேன். முதல் முறை வரும்போது என் திட்டம் தயாராக இருக்கும். இன்று அதே விளையாட்டு ஒரு நொடியில் திறக்கிறது. யோசிக்காமல் நகர்த்திவிட்டு, தோற்றதும் மறுபடி திறக்கிறேன். இது என் தப்புதான், ஆனால் அந்தக் கேசட் என்னை இந்தத் தப்பைச் செய்ய விடவில்லை.

நீலத்திரை:
ஐந்து நிமிடம் கையேடு படிக்க இன்று உங்களை யாரும் தடுக்கவில்லையே.

அறுகோணன்:
நீலத்திரை கேட்ட கேள்விக்கே வருகிறேன்: பாதி எது என்று. 1541-ஐப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் காக்கப் போவதில்லை. ஆனால் காத்திருப்பு எல்லாமே ஒரே வகை இல்லை.

ஈஸ்டர்ன் ஃப்ரன்டில் நீங்கள் ஜாய்ஸ்டிக்கால் கட்டளை கொடுத்துக்கொண்டிருக்கும்போது கணினி ஆடும் ரஷ்யத் தரப்பும் யோசித்துக்கொண்டே இருக்கிறது. தொலைக்காட்சித் திரை ஒரு படத்தை வரைந்து முடித்து மறுபடி மேலே போகும் அந்தச் சின்ன இடைவெளியில் உங்கள் ஜாய்ஸ்டிக்கைக் கவனித்துக்கொள்வார்கள். மற்ற நேரமெல்லாம் செயலி தன் படைகளை எங்கே நிறுத்தலாம் என்று மறுபடி மறுபடி திருத்திப் பார்க்கும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் வரை அது நிற்காது. நீங்கள் ஐந்து நிமிடம் யோசித்தால் அதுவும் ஐந்து நிமிடம் யோசித்திருக்கும். அவசரப்பட்டு ஆடினால் அதுவும் அரைகுறையாகத்தான் ஆடும்.

இப்போது எமுலேட்டரில் வேகத்தைப் பத்து மடங்கு ஏற்றுங்கள். உங்கள் மூளை அதே வேகம்தான். எதிராளிக்கு ஒவ்வொரு நிமிடமும் பத்து நிமிடமாகிவிட்டது. சமநிலையே குலைந்துபோகிறது. அந்த 1.79 மெகாஹெர்ட்ஸ் என்பதும் அந்த விளையாட்டின் விதிகளில் ஒன்று.

நீலத்திரை:
இது எனக்குப் புதிது. இதை ஒப்புக்கொள்கிறேன், நல்ல வாதம். ஆனால் இது மெஷினுக்கான வாதம் இல்லை, வேகத்துக்கான வாதம். எமுலேட்டரை 100 சதவீதத்திலேயே ஓடவிட்டால் உங்கள் விதி அப்படியே நிற்கிறது. முடுக்கிவிடுகிறவர்களைக் குறை சொல்லுங்கள், எமுலேட்டரைச் சொல்லாதீர்கள்.

காகிதத்தளபதி:
இரண்டு பேரும் கணினிக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். நான் அட்டைப் பலகையிலிருந்து வந்தவன், வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

காகித வார்கேமில் எல்லாக் காய்களும் மேசை மேலேயே கிடக்கும். எதிரி எங்கே என்று தெரியாமல் தேடுவதைப் பலகையில் கொண்டுவருவது பெரும்பாடு; அதற்கு நடுவராக மூன்றாவது ஆள் வேண்டும். கணினி எங்களுக்கு முதலில் கொடுத்தது அந்த நடுவரைத்தான். 1980-ல் எஸ்.எஸ்.ஐ. என்ற நிறுவனம் வெளியிட்ட முதல் விளையாட்டு கம்ப்யூட்டர் பிஸ்மார்க். ஆப்பிள் 2 கணினியில் பேசிக் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, பார்வைக்கு எளிமைதான். ஆனால் வட அட்லாண்டிக்கில் பிஸ்மார்க் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலைத் தேடி அலையும்போது அது எங்கே என்று உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது. முதல் தடவை ஆடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அத்தனை வருடம் பலகையில் நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அதே கிராஃபோர்டின் டேங்டிக்ஸ் இன்னும் முந்தையது. பெட்டிக்குள் காகித வரைபடமும் அட்டைக் காய்களும் இருக்கும். கணினி வரைபடத்தில் இடம் காட்டும் எண்களைச் சொல்லும், காயை நீங்கள் மேசையில் நகர்த்த வேண்டும். கண்ணில் பட்ட எதிரி டாங்கியை மட்டும்தான் அது சொல்லும். அதில் வன்பொருளின் அழகு என்று என்ன இருக்கிறது? திரையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்ற பயம் இருந்தது. நம்மைப் பிடித்து வைத்தது அந்தப் பயம். அதற்கு அட்டாரியும் வேண்டாம், எமுலேட்டரும் வேண்டாம், ஒளித்து வைக்கத் தெரிந்த ஒரு நடுவர் போதும்.

கேசட்காலம்:
டேங்டிக்ஸ் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அதை இத்தனை நாள் நான் குறை என்றே நினைத்திருந்தேன்.

அறுகோணன்:
காகிதத்தளபதி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. எதிரியை ஒளித்து வைத்ததுதான் கணினி கொடுத்த பெரிய கொடை, சரி. ஆனால் அதே கொடைக்கும் மெஷினுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆப்பிளின் வட்டு இயக்கியில் தலை எந்தத் தடத்தில் நிற்கிறது என்று சொல்லும் உணரி கிடையாது. செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள். அதனால் தொடங்கும்போதெல்லாம் தலை தடுப்பில் போய் முட்டும், டகடகவென்று ஒரு சத்தம். வட்டு சுழன்றால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று தெரியும், என்ன என்று தெரியாது. எதிரி முறையின்போது அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்ததை எந்த எமுலேட்டரும் எனக்குத் திருப்பித் தரவில்லை. இதை வாதம் என்று சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

நீலத்திரை:
அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் எனக்கு வேறு கவலை. காந்த வட்டு என்றைக்கும் இருக்காது. பசை உரிகிறது, பூஞ்சை பிடிக்கிறது, மின்தேக்கிகள் ஒழுகிப் பலகையை அரிக்கின்றன. பழைய மெஷினை மட்டும் நம்பியிருந்தால் நமக்குப் பின்னால் வருபவர்களுக்கு ஈஸ்டர்ன் ஃப்ரன்ட் என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். எமுலேட்டரை நான் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். சோம்பலால் இல்லை. உங்கள் வட்டுகளைப் படிமமாக, அதாவது அப்படியே ஒரு கோப்பாக, எடுத்து வைத்திருக்கிறீர்களா?

அறுகோணன்:
போன வருடம் எடுத்தேன். 31 வட்டுகளில் 26 முழுதாக வந்தன. மூன்றில் சில பகுதி போய்விட்டது. இரண்டு திறக்கவே இல்லை. அதில் ஒன்று என் அண்ணனும் நானும் பாதியில் நிறுத்திய ஆட்டம் சேமித்த வட்டு. அதை ஐந்து தடவை சுத்தம் செய்து பார்த்துவிட்டேன்.

நீலத்திரை:
வருத்தமாக இருக்கிறது. எழுதுவதற்குத் தடை போட்டுவிட்டு, வேறொரு இயக்கியில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். தலையின் நேர்ப்பாடு இயக்கிக்கு இயக்கி கொஞ்சம் மாறும். உங்கள் அண்ணனும் நீங்களும் எழுதிய இயக்கியே இன்னும் இருந்தால் அதில்தான் வாய்ப்பு அதிகம்.

அறுகோணன்:
அது அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது. இந்த வாரமே கேட்கிறேன்.

காகிதத்தளபதி:
கிடைத்தால் எந்தப் பக்கம் யார் ஆடினீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

நீலத்திரை:
அதற்குள் ஒன்று செய்வோம். ஞாயிறன்று நீங்கள் உங்கள் அட்டாரியில் ஈஸ்டர்ன் ஃப்ரன்ட் ஆடுங்கள், நான் எமுலேட்டரில் 100 சதவீத வேகத்தில் ஆடுகிறேன், முடுக்கம் கிடையாது. 41 வாரமும் முடிந்ததும் இரண்டு மதிப்பெண்ணையும் இங்கே போடுவோம். ஒவ்வொரு முறைக்கும் எத்தனை நிமிடம் யோசித்தோம் என்பதையும் குறித்துக்கொள்வோம்.

அறுகோணன்:
சம்மதம். நான் குறிப்பேடு எடுத்து வைத்துவிட்டேன்.