மறு: ‘பம்ப் கேப்’புக்குத் தமிழில் என்ன போடலாம்?

> தாழ்வான குழாயிலோ உத்திரத்திலோ இடித்தால் தலைக்கு அடிபடாமல் இருக்கப் போடும் ‘பம்ப் கேப்’ (bump cap) தொப்பியின் பெயர், தேயிலைத் தொழிற்சாலை அறிவிப்புப் பலகைக்கு மூன்று மொழியிலும் வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் ஆயிற்று. தமிழுக்கு ‘பாதுகாப்புத் தலைக்கவசம்’ என்று போட்டுவிடலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

வேண்டாம் என்பேன். தலைக்கவசம் என்று எழுதிவிட்டால் நம் பையன்கள் அதையே மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஹட்டன் டவுன் வரைக்கும் போய்வருவார்கள். பொலிஸ் பிடிப்பது இருக்கட்டும், விழுந்தால் மண்டை மிஞ்சாது.

இதைக் கையில் வாங்கிப் பார்த்தால் விஷயம் புரியும். மேலே சாதாரண கிரிக்கெட் தொப்பி. துணியைப் புரட்டினால் காற்றுப் போக ஓட்டை விட்ட மெல்லிய பிளாஸ்டிக் ஓடு, அதற்குள் ஸ்பஞ்ச். அவ்வளவுதான். நாம் போய் எதிலாவது இடித்துக்கொண்டால் தாங்கும். மேலிருந்து ஏதாவது நம்மீது விழுந்தால் தாங்காது. ஐரோப்பிய நியமங்களே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. கட்டட வேலைக்கான தொப்பிக்கு இஎன் 397: 5 கிலோ எடையை 1 மீற்றர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிப்பார்கள். இதற்கு இஎன் 812: அதே 5 கிலோ, ஆனால் 25 சென்றிமீற்றர் உயரம்தான். அடியின் பலம் நாலில் ஒரு பங்குதான். ஆகவே பெயரில் ‘கவசம்’ வரவே கூடாது.

இதுவரை வந்த சொற்களைப் பார்த்தேன். ‘மோதல் தணிப்புத் தலையணி’ பரீட்சைத் தாளுக்குச் சரி, கொழுந்து உருட்டும் ரோலர் அறையில் யாரும் சொல்லமாட்டார்கள். ‘மெத்தைத்தொப்பி’ காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் உள்ளே ஓடு இருப்பதை மறந்துவிடுகிறது. ‘இடிதாங்கித் தொப்பி’ சொன்ன நண்பர் மன்னிக்க வேண்டும். மின்னல் அடித்து ஆள் சாகிற மலையில் அந்தப் பெயரோடு ஒரு தொப்பியைக் கொடுத்தால், அதை நம்பி மழையில் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள்.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உயரமான ஆள் வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? ‘பாத்து, தல முட்டும்.’ கொழுந்து வாட்டும் தொட்டிக்கு அடியில் குனிந்து துப்புரவு செய்கிறவருக்கும் அதையேதான் சொல்கிறோம். முட்டுவது நம் தலை; குழாயும் உத்திரமும் இருந்த இடத்தில் இருக்கின்றன. அந்த ஒரு வினையில் இந்தத் தொப்பியின் வேலை முழுக்க அடங்கிவிடுகிறது. என் பரிந்துரை: முட்டுத்தொப்பி.

முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு ‘நிழல்விளிம்பு’. இதில் ஒரு சிக்கல் உண்டு. விளிம்பு நீளமானால் கண்ணுக்கு நிழல், ஆனால் மேலே இருக்கும் குழாய் தெரியாது. இன்னும் நன்றாக முட்டிக்கொள்ளலாம்! அதனால்தான் 7, 5, 2.5 சென்றிமீற்றர் என்று அளவு பிரித்து விற்கிறார்கள். லொறியில் ஏற்றி இறக்குகிறவர்களுக்கு நீளமானது, உள்ளே வேலை செய்பவர்களுக்குக் கட்டையானது என்று பலகையிலேயே எழுதலாம்.

உள்ளே இருக்கும் ஸ்பஞ்சுக்குப் புதுச்சொல் தேவையே இல்லை. சும்மாடு.

– நோர்வூட்டிலிருந்து

* * *

தம்பி, சும்மாடு அருமை. பெரும்பாணாற்றுப்படையில் மோர்ப்பானை சுமக்கிற ஆய்மகள் தலையிலேயே ‘பூஞ்சுமடு’ இருக்கிறது. ஆனால் சும்மாடு சுமைக்கு அடியில் வைப்பது, இது முட்டுக்கு. பரவாயில்லை, தலைக்கும் பாரத்துக்கும் நடுவில் இருப்பது என்று பார்த்தால் பொருந்தும்.

முட்டுத்தொப்பிதான் இடிக்கிறது. யாழ்ப்பாணத்தில் முட்டு என்றால் இழுப்பு வருத்தம், அதாவது ஆஸ்துமா. ‘அவருக்கு முட்டு’ என்றால் இன்ஹேலர் தேடுவார்கள். பலகையைப் பார்த்து, தூசிக்குப் போடும் முகமூடி என்று நினைக்கவும் கூடும். தேயிலைத் தூசு பறக்கிற இடம் வேறு.

– யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. தேயிலை சலிக்கும் அறையில் தூசு முகமூடியும் கொடுக்கிறார்கள், ஆகவே குழப்பம் நிச்சயம் வரும். ஒரு சொல்லைக் கூட்டிவிடுவோம்: தலைமுட்டுத் தொப்பி. ‘தலை’ முன்னால் வந்துவிட்டால் யாருக்கும் மூச்சு முட்டாது. கொஞ்சம் நீளம்தான், பேச்சில் அவர்களே ‘முட்டுத்தொப்பி’ என்று சுருக்கிக்கொள்வார்கள், அதை நாம் தடுக்க முடியாது.

சும்மாட்டை விடமாட்டேன். பெண்கள் கூடைக் கயிறு அழுத்தாமல் இருக்க நெற்றிக்கு மேல் துணியை மடித்து வைக்கிறார்களே, அந்த இடமும் இந்த ஸ்பஞ்ச் உட்காரும் இடமும் ஒன்று.

பலகைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

‘இவ்விடத்தில் தலைமுட்டுத் தொப்பி அணியவும். மேலிருந்து விழும் பொருளை இது தாங்காது. மோட்டார் சைக்கிளுக்கு உதவாது. பலமாக முட்டினால், ஓடு வெடிக்காவிட்டாலும் வேறு தொப்பி கேட்டு வாங்கவும்.’

கடைசி வரியை நிர்வாகம் வெட்டப் பார்க்கும். பலகை எழுதக் கேட்ட நண்பர் அதை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கள வாசகத்திலும் அந்த வரி இருக்கிறதா?

– நோர்வூட்டிலிருந்து