வீட்டில் பெரிய நஷ்டம் வந்தால் மனசு தேறுமா, தேறாதா?

நிலவன்:
சேமிப்பு போய்விட்டால் வாழ்க்கையே போன மாதிரி பேசுகிறோம். மனசு எதற்கும் பழகிவிடும் என்பதுதான் என் கட்சி. 1978-ல் உளவியலாளர் பிரிக்மனின் குழு செய்த ஆய்வில், லாட்டரியில் பெரிய தொகை வென்றவர்கள் மற்றவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை. வந்த பணத்தின் சந்தோஷமே நிற்காதபோது, போன பணத்தின் துக்கம் மட்டும் எப்படி நிற்கும்?

கயல்:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். அதே ஆய்வில் விபத்தில் உடல் முடங்கியவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சி குறைவாகவே இருந்தார்கள். லாட்டரி வென்றவர்களும் வெறும் 22 பேர். வரவும் இழப்பும் ஒரே எடை இல்லை. உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1992-ல் போட்ட கணக்கில், ஒரே தொகை கிடைப்பதைவிட அதை இழப்பது ஏறக்குறைய இரண்டே கால் மடங்கு கனக்கிறது.

நிலவன்:
அது பந்தயம் மாதிரியான கேள்விகளுக்கு ஆட்கள் சொன்ன பதிலை வைத்துப் போட்ட கணக்கு. அன்றைய முடிவைக் காட்டும். ஐந்து வருஷம் கழித்து ஒருவர் தன் வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவார் என்பதைக் காட்டாது.

கயல்:
சரி, வாழ்க்கையையே பின்தொடர்ந்ததைப் பார்ப்போம். 2013-ல் பாய்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஜெர்மனி, பிரிட்டன் தரவுகளை எடுத்தார்கள். வருஷா வருஷம் அதே மனிதர்களிடம் கேட்டுச் சேர்த்த தரவு. வருமானம் கூடும்போது திருப்தி ஏறியதைவிட, அதே அளவு குறையும்போது அதிகமாக இறங்கியது. வேலை இழப்பு இன்னும் மோசம். லூகாஸ் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், மறுபடி வேலை கிடைத்த பிறகும் சராசரியாகப் பழைய திருப்தி முழுசாகத் திரும்பவில்லை.

தாழம்பூ:
நடுவில் வருகிறேன். என் அக்கா கணவர் ஷேர் டிரேடிங்கில் சேமிப்பை விட்டார். அதை மீட்க யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கினார். வசூல் செய்பவர் வீட்டுக்குப் போன் போட்டபோதுதான் அக்காவுக்கே தெரியும். கடன் அடைந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் அவர் போனில் மெசேஜ் சத்தம் கேட்டால் அக்கா பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் அதற்குள் போனைக் கவிழ்த்து வைத்திருப்பார்.

நிலவன்:
மன்னிக்கவும், வலிக்கிற விஷயம். ஆனால் இது என் பக்கம்தானே? கடன் அடைந்தது, காயம் ஆறவில்லை என்றால் காரணம் பணம் இல்லை, மறைத்தது.

தாழம்பூ:
அவர் ஏன் மறைத்தார்? பணம் போனதில் வந்த அவமானத்தால்தான். இரண்டையும் எங்கே வெட்டிப் பிரிப்பீர்கள்? அப்புறம், நடந்து முடிந்த ஒன்றுக்குத்தான் மனசு பழகும். மாதத் தவணை ஓடிக்கொண்டிருந்த காலம் முழுக்க அந்த வீட்டில் எதுவும் முடியவில்லை. ஒவ்வொரு தவணைத் தேதிக்கும் அதே சண்டை புதிதாக நடந்தது.

நிலவன்:
தவணை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். கடன் ஓடும்வரை பழக வழி இல்லை. ஆனால் கடன் இல்லாமல் சேமிப்பு மட்டும் குறைந்த வீட்டையும் இதே தட்டில் வைக்காதீர்கள்.

கயல்:
அந்தச் சேமிப்பு எதற்கு வைத்திருந்தது என்பதைப் பொறுத்தது. சும்மா கிடந்த பணம் என்றால் நீங்கள் சொல்வது சரி. பிள்ளையின் படிப்புக்கு வைத்திருந்த பணம் என்றால், போனது படிப்பு. அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று பார்க்காமல் பெற்றவர்கள் தேறிவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வீர்கள்?