தாராவுக்கு ஒன்றுமில்லை, கோழி மட்டும் ஏன் சாகிறது?

குளக்கட்டு (வவுனிக்குளம்):
போன மாரியில் என் வளவில் பதினெட்டு ஊர்க்கோழிகள் ராணிக்கேத் என்ற வைரசு நோயில் போய்விட்டன. அதே சட்டியில் தண்ணீர் குடித்த ஐந்து தாராக்களுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. தேடிப் படித்ததில் காரணம் கிடைத்தது. ராணிக்கேத் போன்ற ஆர்.என்.ஏ வைரசு கலத்துக்குள் நுழைந்தால் மோப்பம் பிடித்து, வைரசை எதிர்க்கும் இன்டர்பெரோனைச் சுரக்க வைக்கும் ரிக்-ஐ என்ற புரதம் தாராவுக்கு இருக்கிறது, கோழிக்கு இல்லை. 2010இல் கனடாவில், அல்பேர்ட்டாவில், தாராவின் ரிக்-ஐயைக் கோழிக் கலங்களுக்குள் வைத்துப் பார்த்தார்கள். பறவைக் காய்ச்சல் வைரசு பெருகுவது குறைந்தது. நாயில்லாத வளவுதான் கோழி.

பாலைப்பழம்:
அண்ணை, அவர்கள் பார்த்தது பறவைக் காய்ச்சல், அதுவும் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த கலங்களில். உங்கள் வளவில் வந்தது வேறு வைரசு. கோழிக்கு நாயே இல்லை என்பதும் பிழை. எம்.டி.ஏ-5 என்ற இன்னொரு புரதம் இருக்கிறது, ரிக்-ஐயின் வேலையில் ஒரு பங்கை அது செய்கிறது.

குளக்கட்டு:
செய்தும் பதினெட்டும் செத்தனவே, தங்கச்சி!

பாலைப்பழம்:
சரி, ரிக்-ஐ இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்கிறீர்கள். அதையும் செய்தே பார்த்துவிட்டார்கள். ஜேர்மனியில், மியூனிக்கில், தாராவின் ரிக்-ஐயையும் அதற்குக் கைகொடுக்கும் இன்னொரு புரதத்தையும் பரம்பரையலகு மாற்றத்தால் உயிருள்ள கோழிகளுக்கே கொடுத்தார்கள். காய்ச்சல் வைரசைத் தொற்ற வைத்தபோது அந்தக் கோழிகளுக்குத்தான் நோய் கடுமை. அழற்சி எல்லை மீறிப் போனது. தாராவும் கோழியும் பிரிந்து பல கோடி ஆண்டுகள் ஆகின்றன. தாராவின் உடம்பில் அந்த நாயைக் கட்டி வைக்கும் சங்கிலியும் இருக்கிறது, கோழியிடம் சங்கிலி இல்லை என்றுதான் தெரிகிறது. இரண்டு இனத்தின் புரதங்களை வரிசையாக அடுக்கி, இங்கே ஒன்று குறைகிறது, அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

பட்டிக்காரன் (ஒட்டுசுட்டான்):
இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். தாரா நோய்ப்படாமலே ராணிக்கேத் வைரசைச் சுமக்கும், எச்சத்தில் கழிக்கவும் செய்யும். ஒரே சட்டியில் தண்ணீர் என்கிறீர்களே தம்பி, கோழிகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? ஊசி, சொட்டு மருந்து ஏதாவது போட்டிருந்தீர்களா?

குளக்கட்டு:
மிருக வைத்தியர் கந்தோரில் கேட்டேன், மருந்து வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நானும் திரும்பப் போகவில்லை, அது என் பிழைதான். சங்கிலிக் கதையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ரிக்-ஐ இல்லாதது கோழிக்கு ஒரு குறையே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பாலைப்பழம்:
குறை இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அது ஒன்றே காரணம் இல்லை என்றுதான் சொன்னேன்.

பட்டிக்காரன்:
தாராவுக்கு வேறு சட்டி வையுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம்.