மாருதி 800: டேப்பட் கவர் பேக்கிங் மாத்தியும் ஆயில் லீக் நிக்கல, அவசர உதவி

சேலம்_800
நேத்து சாயங்காலம் வீட்லயே டேப்பட் கவர் (இன்ஜின் உச்சியில இருக்கற மூடி) பேக்கிங் மாத்தினேன். சுத்தி முழுக்க அனபாண்டும் (சிலிக்கான் பசை) போட்டேன். காலைல 20 கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்தினா கீழ திரும்பவும் சொட்டு. எண்ணெய் கருகற வாடை வேற. ஞாயித்துக்கிழமை வெளியூர் போகணும். என்ன பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

கார்புரேட்டர்_பிரியன்
கார்புரேட்டர் வண்டியா, எம்பிஎஃப்ஐயா (இன்ஜெக்டர் வச்ச வண்டி)? சொட்டு விழறது பெல்ட் பக்கமா, கியர்பாக்ஸ் பக்கமா? பேக்கிங் ரப்பரா கார்க்கா? ஒரு ராத்திரி நின்னா எவ்வளவு கொட்டுது, நாலு சொட்டா, தட்டு நிறையவா? இது தெரியாம யார் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

ஆயில்கேன்
அனபாண்ட் போட்டு எத்தனை மணி நேரம் விட்டீங்க? சிலிக்கான் மேல தோல் கட்ட பத்து நிமிஷம், முழுசா இறுக 24 மணி நேரம். சாயங்காலம் போட்டு காலைல சூடேத்தினா உள்ள பச்சையாத்தான் இருக்கும்.

ஸ்பேனர்_14
பேக்கிங் மாத்தறதுக்கு முன்னாடி லீக் எங்கன்னு கண்டுபிடிக்கணும். அது அடிப்படை. இங்க வாரத்துக்கு ஒருத்தர் இதே தப்பைப் பண்ணிட்டு வந்து அவசரம்னு எழுதறாங்க. ஆயில் மேல கசிஞ்சு கீழதான் வழியும், ஓட்டும்போது காத்துல பின்னாடியும் அடிக்கும். சொட்டு விழற இடம் லீக்கோட இடம் இல்ல. ஈரமா இருக்கற இடத்துலயே உயரமான இடம் எதுவோ, அதுதான் லீக். அதைப் பார்க்காம கவரைக் கழட்டினது வேலையே இல்ல.

கார்புரேட்டர்_பிரியன்
அவர் சொன்ன விஷயம் சரி, சொன்ன விதத்தைக் கண்டுக்காதீங்க தம்பி. இன்ஜின் ஆறினதும் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு கரன்ட் பிரிச்சுக் கொடுக்கறது) மூடியை பாலிதீன் கவரால மூடிட்டு, மண்ணெண்ணெய்யும் பெயின்ட் பிரஷ்ஷும் வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் கழுவுங்க. துணியால துடைச்சு நல்லா உலர விடுங்க. மண்ணெண்ணெய் ஈரத்தோட ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அப்புறம் சந்தேகப்படற இடத்துல எல்லாம் மெல்லிசா முகத்துக்குப் போடற பவுடரைத் தூவுங்க. பெல்ட் மேல படாம பாத்துக்குங்க. பத்து நிமிஷம் ஐடில்ல ஓட விட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. வெள்ளைப் பவுடர்ல ஆயில் முதல்ல எங்க கோடு போடுதோ அங்கதான் கசிவு. பத்து நிமிஷத்துல தெரியலன்னா ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து பாருங்க.

பிரீதர்_ராஜா
பிசிவி (இன்ஜின் உள்ள சேர்ற புகையை வெளிய எடுக்கற வழி) அடைப்புதான். கிராங்க் கேஸ் (இன்ஜினோட அடிக்கூடு) உள்ள அழுத்தம் ஏறினா எந்த பேக்கிங் போட்டாலும் தள்ளிக்கிட்டு வரும். ஐடில்ல ஆயில் மூடியைக் கழட்டிட்டு வாய் மேல ஒரு மெல்லிசு காகிதம் வைங்க. லேசா உள்ள இழுத்துப் பிடிச்சா நல்லது. குபுகுபுன்னு வெளிய தள்ளினா டேப்பட் கவர்ல இருந்து ஏர் ஃபில்டருக்குப் போற ஹோஸைக் கழட்டி ஊதிப் பாருங்க, கரி அடைச்சிருக்கும். ஹோஸ் சுத்தமா இருந்தும் தள்ளினா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கு.

ஸ்பேனர்_14
ராஜாவுக்கு எல்லா நோய்க்கும் பிசிவிதான்.

பிரீதர்_ராஜா
பார்க்கறதுக்கு ஒரு நிமிஷம், செலவு இல்ல. அதனாலதான் முதல்ல சொல்றேன்.

சேலம்_800
கார்புரேட்டர் வண்டி. ரப்பர் பேக்கிங். சொட்டு கியர்பாக்ஸ் பக்கம். இன்னும் கழுவிப் பார்க்கல.

கிளட்ச்_மணி
கியர்பாக்ஸ் பக்கம்னா கிராங்க் ஷாஃப்ட்டோட பின் பக்க ஆயில் சீல். கியர்பாக்ஸ் இறக்கி, கிளட்ச் கழட்டி, ஃப்ளைவீல் எடுத்தாத்தான் கை போகும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்ல ஆகாது.

கார்புரேட்டர்_பிரியன்
மணி சார், அவசரப்பட வேண்டாம். இந்த இன்ஜின்ல டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டோட (இன்ஜின் மேல் பகுதி) அதே கோடியில, கியர்பாக்ஸுக்கு நேர் மேல உக்காந்திருக்கு. அதோட ஓ ரிங் (வட்ட ரப்பர் வளையம்) கெட்டாலும் ஆயில் பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடற கூடு) மேல வழிஞ்சு அதே இடத்துலதான் சொட்டும். பின் சீல் போயிடுச்சுன்னு கியர்பாக்ஸை இறக்கிட்டு, கடைசில சின்ன ஓ ரிங்குல முடியற கேஸ் இது. ஹவுசிங்கோட மேல் பக்கம் ஈரமா, அடிப்பக்கம் மட்டும் ஈரமான்னு விரலால தடவிப் பாருங்க. மேல காய்ஞ்சு, கீழ இடுக்குல மட்டும் வந்தாத்தான் பின் சீலை சந்தேகப்படணும். சொட்டை மோந்தும் பாருங்க. கியர் ஆயில் கந்தக வாடை அடிக்கும். அப்படின்னா இது இன்ஜின் லீக்கே இல்ல.

ஆயில்கேன்
இன்னொண்ணு. ரப்பர் பேக்கிங்குக்கு சுத்தி முழுக்க அனபாண்ட் போடறதே தப்பு. இறுக்கும்போது பச்சை சிலிக்கான் சோப்பு மாதிரி வழுக்கும், ரப்பர் பள்ளத்தை விட்டு உள்ள பிதுங்கிடும். வளைவு திரும்பற மூலைகள்ல மட்டும் அரிசி மணி அளவுக்குப் போதும். மிச்சம் உள்ள பிதுங்கி, இறுகி, பிஞ்சு சம்ப்ல (அடியில ஆயில் தேங்கற தொட்டி) விழுந்தா ஸ்ட்ரெய்னரை (ஆயில் வடிகட்டற வலை) அடைக்கும். அப்புறம் ஆயில் பிரஷர் லைட் எரியும், அது இந்த லீக்கை விடப் பெரிய செலவு. கவரைத் திரும்பத் திறந்து உள்ள தொங்கறதை எல்லாம் கையால எடுத்துடுங்க. ஹெட் பரப்பை எமரி போட்டுத் தேய்க்காதீங்க, அந்தத் தூள் கேம் பேரிங்குல போகும். பழைய ஏடிஎம் கார்டால சுரண்டி, நூல் பிரியாத துணியில தின்னர் தொட்டுத் துடைச்சா போதும்.

செல்லாக்_தாத்தா
செல்லாக் (அரக்குப் பசை) போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்ல. கார்க் பேக்கிங்கை வெதுவெதுப்பான தண்ணியில ஊறப்போட்டு, ஒரு பக்கம் செல்லாக் தடவி வச்சா வருஷக்கணக்குல அசையாது.

ஆயில்கேன்
ஐயா, செல்லாக் காகித பேக்கிங்குக்கும் கார்க்குக்கும் சரி. இவர் போட்டது ரப்பர். அது நசுங்கி நிமிரணும். செல்லாக் கெட்டியாகிட்டா நிமிர விடாது.

செல்லாக்_தாத்தா
கெட்டியாகறது நீங்க சொல்ற வகை. வேலைக்குப் போடறது இளகியே இருக்கற வகை. ரெண்டும் ஒரே பேர்ல விக்குது, டப்பாவைப் படிச்சு வாங்கணும். கார்க்கை ஊறப்போடறதும் சும்மா இல்ல தம்பி. கடை ஷெல்ஃப்ல காஞ்சு சுருங்கின பேக்கிங் ஓட்டை ஓட்டையோட சேராது. ஊறினா பழைய அளவுக்கு விரியும்.

ஸ்பேனர்_14
ஊறவச்ச கார்க் இன்ஜின் சூட்டுல திரும்பக் காஞ்சு சுருங்கும். ஒரு ஹீட் ஆனதும் திரும்ப ஒரு இறுக்கு கொடுக்காம விட்டா அடுத்த மாசம் லீக்.

செல்லாக்_தாத்தா
இறுக்கணும்தான். இறுக்க வேண்டாம்னு யார் சொன்னது?

கிளட்ச்_மணி
இறுக்கறதைப் பத்தி நான் சொல்றேன். பாதி லீக் இறுக்கத்தாலதான் வருது. நிக்கலன்னா இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்துன்னு போடறாங்க. தகரக் கவர்னா ஓட்டையைச் சுத்தி குழி விழும், ரெண்டு போல்ட்டுக்கு நடுவுல கவர் மேல தூக்கிக்கும், லீக் அங்கதான். கவரைக் கவுத்து ஸ்டீல் ஸ்கேல் வச்சு வெளிச்சத்துல பாருங்க. குழி இருந்தா மரக்கட்டை மேல வச்சு சின்ன சுத்தியலால தட்டி சமன் பண்ணுங்க. 10 நம்பர் சாக்கெட்டை விரலால பிடிச்சு, நடுவுல இருந்து ஓரத்துக்கு, மாத்தி மாத்தி ரெண்டு மூணு சுத்துல இறுக்கணும். 10 நியூட்டன் மீட்டரைத் தொடவே வேண்டாம். போல்ட் தலைக்கு அடியில இருக்கற ரப்பர் வாஷரையும் மாத்துங்க. பேக்கிங் புதுசு, வாஷர் பழசுன்னா போல்ட் வழியாவே கசியும்.

டீசல்_தம்பி
இதெல்லாம் எதுக்கு? 20டபிள்யூ50 (கெட்டியான இன்ஜின் ஆயில்) ஊத்துங்க, லீக் குறையும்.

ஸ்பேனர்_14
சொட்டு கொஞ்சம் மெதுவாகும், ஓட்டை அப்படியேதான் இருக்கும். லீக் நிறுத்தறதுன்னு கேன்ல விக்கற மருந்தும் ரப்பரை ஊத வைக்கும், கொஞ்ச நாள் தாங்கும். ஊருக்குப் போற வண்டிக்கு இதை நம்பாதீங்க. சேலம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (சூடான புகை வெளிய போற குழாய்) மேல ஆயில் படுதான்னு முதல்ல பாருங்க. வாடை வருதுன்னு சொன்னீங்க. அங்க வழிஞ்சா தீ அபாயம், சரி பண்ணாம ஓட்டவே கூடாது.

சேலம்_800
கழுவி பவுடர் போட்டேன். டேப்பட் கவர் சுத்தி காய்ஞ்சிருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் அடியில கோடு. காகிதம் உள்ள இழுக்குது. வாடை அனபாண்ட் மிச்சம் போல, மேனிஃபோல்ட் மேல ஒட்டியிருந்துது, எடுத்துட்டேன். ஓ ரிங் வாங்கப் போறேன்.

கார்புரேட்டர்_பிரியன்
பழைய ஓ ரிங்கைக் கழட்டி கையோட கொண்டு போங்க, கண் அளவுல வாங்காதீங்க. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டறதுக்கு முன்னாடி டைமிங் மார்க்கை (கிராங்க் எந்த நிலையில நிக்குதுன்னு காட்டற குறி) நேரா வச்சு, ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள சுத்தற கை) எந்தப் பக்கம் பார்க்குதோ அதுக்கு நேரா டிஸ்ட்ரிபியூட்டர் பாடி ஓரத்துல ஒரு கோடு. பாடிக்கும் ஹெட் பக்கத்துக்கும் சேர்த்து இன்னொரு கோடு. இழுக்கும்போது கியர் சாய்வு பல் ஆனதால ரோட்டர் கொஞ்சம் சுத்தும், பயப்படாதீங்க. எங்க வந்து நிக்குதோ அங்கயும் ஒரு புள்ளி வைங்க. திரும்பப் போடும்போது ரோட்டரை அந்தப் புள்ளிக்கு நேரா வச்சு இறக்கினா தானா முதல் கோட்டுக்கு வந்து உக்காரும். வெளிய இருக்கும்போது கிராங்க்கை அசைக்கக் கூடாது, யாரும் சாவியைத் திருப்பாம பேட்டரி நெகட்டிவைக் கழட்டி வைங்க. புது ரிங்குல இன்ஜின் ஆயில் தடவுங்க, அனபாண்ட் வேண்டாம். கியர் இருக்கற கேஸுக்குள்ளயும் கொஞ்சம் ஆயில் விட்டுட்டு மூடுங்க, முதல் ஸ்டார்ட்ல பல் காய்ஞ்சு ஓடக் கூடாது.

கிளட்ச்_மணி
முடிச்சதும் டைமிங் லைட் (ஸ்பார்க் சரியான நேரத்துல வருதான்னு காட்டற விளக்கு) வச்சுப் பாருங்க. கோடு ஒத்துப்போனாலும் ஒண்ணு ரெண்டு டிகிரி நகரும்.

சேலம்_800
மாத்தியாச்சு. பழைய ரிங் பிளாஸ்டிக் மாதிரி, வளைச்சதும் ஒடைஞ்சுது. சொட்டு இல்ல. எல்லாருக்கும் நன்றி.

கிளட்ச்_மணி
டைமிங் பார்த்தீங்களா?

ஆயில்கேன்
கவரைத் திறந்து உள்ள பிதுங்கின அனபாண்டை எடுத்தீங்களா தம்பி? ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அதை முடிச்சுடுங்க.

டீசல்_தம்பி
இதே மாதிரி மாருதி ஆம்னி வேன்லயும் லீக் இருக்கு, அதுக்கும் ஓ ரிங்தானா?

ஸ்பேனர்_14
எந்தப் பக்கம்?